அணைத்து வைத்த ரேடார்

பாய்மரப் படகுக்கு ரேடார் வாங்கப் போகிறவரின் கண்ணில் முதலில் படுவது மைல் கணக்கு. விளம்பரத் தாளில் 24, 36, 48 கடல் மைல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எண் பெரிதாக இருக்கும் பக்கம் கை தானாகப் போகும். அடுத்துப் பார்ப்பது வாட். அதற்கும் அடுத்து விலை. இந்த மூன்றையும் அலசி ஆராய்ந்து ரேடார் வாங்கிய படகுக்காரர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. அந்த ரேடார்களில் பல, பெரும்பாலான இரவுகளில் அணைந்தே கிடந்தன. கருவியில் பழுதில்லை, ஓட்டியவர்களிடம் சோம்பலும் இல்லை. பேட்டரி தாங்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே பாய்மரப் படகுக்காரர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது என் கட்சி. என்ஜினை நிறுத்திவிட்டுப் பாயில் ஓடும் ஓர் இரவு முழுக்க இந்த ரேடாரை அணைக்காமல் வைத்திருக்க முடியுமா? முடியும் என்ற பதில் வந்த பிறகுதான் மற்ற கேள்விகளுக்கு வேலை.

பழைய ரேடார்களோடு மாரடித்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். அந்தக் காலத்துத் திரை ஒரு கண்ணாடிக் குழாய். பகல் வெளிச்சத்தில் அதில் ஒன்றும் தெரியாது என்பதால் மேலே ஒரு ரப்பர்க் கூம்பு மாட்டியிருக்கும். அதற்குள் முகத்தைப் புதைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் நெற்றியில் அச்சு விழுந்திருக்கும்; கண் மறுபடி இருட்டுக்குப் பழகச் சில நிமிடமாகும். சுவிட்சைப் போட்டவுடன் ரேடார் ஓடிவிடாது. மேக்னட்ரான் என்ற குழாய் சூடேறும்வரை, ஒன்றரை நிமிடமோ அதற்கு மேலோ, காத்திருக்க வேண்டும். அதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ரேடாரும் திரையுமாகச் சேர்ந்து ஐம்பது வாட் இழுத்தால் 12 வோல்ட் பேட்டரியில் அது நான்கு ஆம்ப்புக்கு மேல். பத்து மணி நேர இரவுக்கு நாற்பது ஆம்ப்-மணி. 200 ஆம்ப்-மணி ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் போயிற்று. மிச்சமுள்ள நூறில் தானியங்கிச் சுக்கானுக்கும் விளக்குகளுக்கும் குளிர்பெட்டிக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தபின் இன்னொரு நாற்பதை எங்கே போய்த் தேடுவது? விசைப்படகில் என்ஜின் ஓடும்வரை ஆல்டர்னேட்டரும் மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். அவர்களுக்கு இந்தக் கணக்கே கிடையாது. பாயில் ஓடுகிறவருக்கோ ரேடார் என்பது பயம் வந்தால் போடும் சாமான். பயம் வந்து, சுவிட்சைப் போட்டு, குழாய் சூடேறி, அலைச்சிதறலைக் குறைத்து, படம் தெளிவதற்குள் மழை பாய்மேல் இருக்கும்.

இந்த நிலைமை மாறியது மேக்னட்ரான் போனதால். 1940 பிப்ரவரியில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ரேண்டலும் ஹாரி பூட்டும் ஓடவிட்ட அந்தச் செப்புக் குழாய்தான் சென்டிமீட்டர் அலை ரேடாரைச் சாத்தியமாக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டனின் டிஸார்ட் குழு அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. போர்க்காலத்தில் அதைப் பெருமளவில் செய்து குவித்த நிறுவனங்களில் ஒன்று ரேதியான். பிற்பாடு அதே நிறுவனத்தில் அதே குழாயைக் கொண்டு மைக்ரோவேவ் அடுப்பும் செய்தார்கள். ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் படகு ரேடார் என்றால் மேக்னட்ரான் ரேடார்தான். 2009இல் நேவிகோ நிறுவனம் ‘பிராட்பேண்ட்’ என்ற பெயரில் குழாயே இல்லாத, குறைக்கடத்திச் சில்லால் இயங்கும் குவிமாட ரேடாரைக் கொண்டுவந்தபோது, அது வெளியே அனுப்பும் சக்தி வாட்டில் பத்தில் ஒரு பங்குதான் என்று கேட்டு மூத்த மாலுமிகள் சிரித்தார்கள். கைப்பேசியே அதைவிடக் கூடுதலாக அனுப்புகிறது. 2016 வாக்கில் 20 வாட் குவாண்டம் வந்தது. அதைச் செய்த ரேமரைன், 2001இல் ரேதியானின் கடல் பிரிவிலிருந்து தனியாகப் பிரிந்த நிறுவனம். மேக்னட்ரானால் வளர்ந்த வம்சமே மேக்னட்ரானை விட்டுவிட்டது என்றும் சொல்லலாம். அதை ஒட்டி ஃபுருனோவின் என்எக்ஸ்டி, கார்மினின் ஃபேன்டம், நேவிகோவின் ஹேலோ குவிமாடங்கள் என்று எல்லாரும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

நாலாயிரம் வாட் ரேடார் செய்த வேலையை இருபது வாட் ரேடார் எப்படிச் செய்யும் என்பது நியாயமான சந்தேகம். விளம்பரத் தாள்கள் இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை, கணக்கோ எளிமையானது. பழைய ரேடார் 4,000 வாட்டை அனுப்புவது கண நேரம்தான்: கிட்டத்துத் தூரங்களுக்கு ஒரு துடிப்பின் நீளம் 0.08 மைக்ரோ விநாடி. பெருக்கினால் 320 மைக்ரோ ஜூல். இருபது வாட்டை 16 மைக்ரோ விநாடி நீட்டி அனுப்பினாலும் அதே 320 வருகிறது. இலக்கின்மேல் போய் விழும் ஆற்றல் ஒன்றே. அது ஓங்கி விழுகிறதா, நீண்டு விழுகிறதா என்பதுதான் வேறுபாடு. நீண்ட துடிப்பில் அருகருகே உள்ள இரண்டு பொருள்களின் எதிரொலிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுமே என்றால், அதற்காகத்தான் துடிப்புக்குள்ளேயே அலையின் அதிர்வெண்ணைச் சீராக ஏற்றுகிறார்கள். திருவிழாக் கூட்டத்தில் யாரோ கை தட்டினால் யார் தட்டியது என்று தெரியாது, ஆனால் நமக்குத் தெரிந்த பாட்டை யாராவது முணுமுணுத்தால் அத்தனை இரைச்சலிலும் காது அதைப் பிடித்துக்கொள்ளும். ஏற்பியும் தான் அனுப்பிய அந்த ஏற்றத்தைத் தேடிப் பிடித்து ஒரு புள்ளியாகச் சுருக்கிவிடுகிறது. இதற்கும் ஒரு விலை உண்டு. 16 மைக்ரோ விநாடி பேசிக்கொண்டிருக்கும் கருவிக்கு அந்த நேரத்தில் காது கேட்காது. 2,400 மீட்டருக்குள் இருப்பதெல்லாம் மறைந்துபோகும். ஆகவே நீண்ட துடிப்புகளுக்கு இடையே குறுந்துடிப்புகளையும் கலந்து அனுப்பி, இரண்டிலும் கிடைத்ததைத் தைத்து ஒரே படமாகக் காட்டுகிறார்கள். 2009இன் பிராட்பேண்ட் வேறு வழியில் போனது. பேசுவதற்கு ஓர் ஆன்டெனா, கேட்பதற்கு இன்னொன்று என்று வைத்து இடைவிடாமல் இரண்டையும் செய்தது. படகின் மூக்குக்கு நேரே உள்ள மிதவைகூட அதில் துல்லியமாகத் தெரியும். தொலைவில்தான் பலம் குறைவு. இப்போதைய துடிப்புச் சுருக்க ரேடார்கள் அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்துவிட்டன.

மின்செலவில் இதனால் வந்த மாற்றம்தான் என் வாதத்தின் மையம். குவாண்டம் ஓடும்போது இழுப்பது 17 வாட், காத்திருக்கும்போது 7 வாட் என்கிறது நிறுவனத்தின் தாள். ஒன்றரை ஆம்ப்புக்கும் குறைவு. பத்து மணி நேர இரவுக்குப் பதினான்கு ஆம்ப்-மணி. திரைக்கான செலவைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றாலும், படகின் வரைபடத் திரை இரவில் எப்படியும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. 24 அங்குலக் குவிமாடங்கள் இதைவிடக் கூடுதலாகக் கேட்கும்; அவற்றுக்கும் பழைய கணக்கைக் காட்டிலும் குறைவுதான். காத்திருக்கும் நிலையிலிருந்து சுவிட்சைத் தொட்ட மாத்திரத்தில் படம் வந்துவிடுவதால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே விழித்துச் சில சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கும் ஏற்பாட்டுக்கும் அர்த்தம் வந்தது. பழைய ரேடார்களிலும் அந்த வசதி இருந்ததுதான். ஆனால் மேக்னட்ரானைச் சூடாகவே வைத்திருக்க வேண்டியிருந்ததால் மிச்சம் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

மைல் கணக்குக்கு வருவோம். ரேடார் அலை பூமியின் வளைவைத் தாண்டி அதிகம் போகாது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.2ஆல் பெருக்கினால் அதற்கு எட்டும் தொடுவானம் கடல் மைலில் கிடைக்கும். பாய்மரத்தில் ஆறு மீட்டர் உயரத்தில் மாட்டினால் 5.4 மைல். எதிரே வருவது 25 மீட்டர் உயரக் கப்பல் என்றால் அதன் பங்குக்கு 11 மைல். ஆக அந்தக் கப்பல் பதினாறு மைலுக்குச் சற்று மேல் தெரியத் தொடங்கலாம். அதற்கு அப்பால் ஒரு மெகாவாட் அனுப்பினாலும் பயனில்லை. 36 மைல், 48 மைல் என்பதெல்லாம் மலைகளுக்கும் மேகங்களுக்கும் உரிய எண்கள். இதில் மேகத்தை மட்டும் லேசாகத் தள்ளிவிட முடியாது, அதைப் பின்னால் சொல்கிறேன். இதே கணக்கை வைத்து இன்னொன்றையும் தீர்த்துவிடலாம். படகின் பின்பக்கத்தில் மூன்று மீட்டர்க் கம்பத்தில் மாட்டினால் 3.8 மைல், பாய்மரத்தோடு ஒப்பிட்டால் இழப்பு ஒன்றரை மைல்தான். அந்த ஒன்றரை மைலுக்காக ஆறேழு கிலோ எடையை உயரே ஏற்றி, முன்பாய் திரும்பும்போதெல்லாம் குவிமாடத்தில் உரசவிட்டு, பாய்மரத்துக்குப் பின்னால் ஒரு குருட்டு மூலையையும் வாங்கிக்கொள்ள வேண்டுமா? கம்பமே போதும் என்பவர்களின் பக்கம்தான் நான். சாய்வைத் தாங்கும் தொங்கு தாங்கியைப் பொருத்துவதும் கம்பத்தில் எளிது. ரேடார்க் கற்றையின் செங்குத்து அகலம் 20 முதல் 25 பாகைதான். காற்றில் படகு இருபது பாகை சாய்ந்தால் ஒரு பக்கக் கற்றை கடலுக்குள்ளும் மறுபக்கக் கற்றை வானத்திலும் போய்விடும். முன்னும் பின்னும் நன்றாகத் தெரிந்துகொண்டிருப்பதால், பக்கங்களில் பார்வை மங்கிவிட்டதை ஓட்டுகிறவர் கவனிக்கவே மாட்டார். ஆபத்து அதில்தான் இருக்கிறது.

எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்பதைக் கடல்தான் சொல்ல வேண்டும். மலாக்கா நீரிணையை எடுத்துக்கொள்கிறேன். லங்காவியிலிருந்து பினாங்கு, கிள்ளான், போர்ட் டிக்சன் வழியாகச் சிங்கப்பூர்வரை பாயில் போகிறவர்கள் பெரும்பாலும் மலேசியக் கரையோரமாகவே போவார்கள். பெரிய கப்பல்களின் தடம் மேற்கே இருக்கிறது. அந்தக் கப்பல்களால் பாய்மரப் படகுக்கு வரும் தொல்லை குறைவு. தங்கள் பாதையில் வருகின்றன, வரிசையாகப் போகின்றன, விளக்குகளும் ஒழுங்காக எரிகின்றன, ஏஐஎஸ் கருவி தங்கள் பெயரையும் வேகத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. இரவில் தூக்கத்தைக் கெடுப்பவை வேறு. விளக்கே இல்லாமலோ, இல்லை கண்ணைப் பறிக்கும் விளக்கோடோ நிற்கும் மீன்பிடி மரப்படகுகள். மணலோ கரியோ ஏற்றிய பார்ஜை நீண்ட வடத்தில் இழுத்துப்போகும் இழுவைப் படகுகள். ஏப்ரல் முதல் நவம்பர்வரை விடியலுக்கு முன் சுமத்ரா பக்கமிருந்து வரிசை கட்டி வரும், உள்ளூரில் ‘சுமத்ரா’ என்றே பெயர் பெற்ற சூறைக்காற்று மழை. இவற்றில் முதல் இரண்டும் ஆளை அச்சுறுத்துவது மூன்று மைலுக்குள்தான். மணிக்கு ஐந்து கடல் மைலில் போகும் படகை மணிக்கு ஆறு கடல் மைலில் நேரெதிரே வரும் இழுவைப் படகு மூன்று மைலில் சந்திக்கப் பதினாறு நிமிடம் இருக்கிறது. விழித்திருக்கும் ரேடாருக்கு அது தாராளமான நேரம்.

ஏஐஎஸ் இருக்க ரேடார் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஏஐஎஸ் மலிவு, மின்சாரம் குடிப்பதில்லை, மறைந்து வரும் கப்பலையும் தீவைத் தாண்டிக் காட்டும், கப்பலின் பெயரைச் சொல்வதால் வானொலியில் கூப்பிடலாம். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்று வந்தால் பெருங்கப்பல் தடங்களில் போகிறவர் ஏஐஎஸ்ஸைத்தான் வாங்க வேண்டும். இதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் ஏஐஎஸ் காட்டுவது தன்னைக் காட்டிக்கொள்ள விரும்புகிறவரை மட்டும். மரப்படகில் அது இருக்காது. இருந்தாலும் நல்ல மீன் கிடைக்கும் இடத்தை ஊருக்குத் தெரிவிக்க மனமில்லாமல் அணைத்து வைத்திருப்பார்கள். பார்ஜில் ஆளே இருக்க மாட்டார்கள். மழை தன்னை அறிவித்துக்கொண்டு வராது. மேலும் ஏஐஎஸ் சொல்வது ஜிபிஎஸ் சொன்னதைத்தான். அண்மை ஆண்டுகளில் பால்டிக் கடலிலும் பாரசீக வளைகுடாவிலும் ஜிபிஎஸ்ஸைக் கலைத்துவிட்டபோது, கப்பல்கள் வரைபடத்தில் தரைமேல் போவதாகக் காட்டிய விந்தையும் நடந்தது. ரேடாருக்கு விண்ணிலிருந்து எந்தச் செய்தியும் தேவையில்லை. கரை எவ்வளவு தூரம் என்று அது தானே அளந்து சொல்லும்.

மூன்று மைலுக்குள் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டால் அடுத்து எடைபோட வேண்டியது கற்றையின் கிடை அகலம். வாட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். 18 அங்குலக் குவிமாடத்தின் கற்றை ஏறக்குறைய ஐந்து பாகை அகலம்; 24 அங்குலத்துக்கு நான்குக்குச் சற்றுக் கீழே. ஒரு பாகைதானே என்று தோன்றும். இழுவைப் படகையும் பார்ஜையும் வைத்துப் பார்க்கலாம். இரண்டு மைல் தொலைவில், நமக்குக் குறுக்கே, முந்நூறு மீட்டர் வடத்தில் பார்ஜை இழுத்துப் போகிறது ஒரு படகு. 4.9 பாகைக் கற்றை அந்தத் தூரத்தில் 317 மீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். இழுப்பதும் இழுபடுவதும் திரையில் ஒரே நீளக் கறையாகத் தெரியும். 3.9 பாகைக் கற்றை விரிவது 252 மீட்டர். கறை இரண்டாகப் பிரிந்து நடுவே மெல்லிய இடைவெளி விழும். இரண்டு மைலில் அந்த இடைவெளியைக் கண்டவர், இரவில் அதற்குள் நுழைந்து போய்விடலாம் என்று ஒருபோதும் நினைக்க மாட்டார். நடுவே தண்ணீருக்குள் தொய்ந்து கிடக்கும் இரும்பு வடத்தை எந்த ரேடாரும் காட்டாது. இரண்டு புள்ளிகளும் ஒரே வேகத்தில் ஒரே திசையில் நகர்வதை வைத்து நாமேதான் ஊகிக்க வேண்டும். மென்பொருளால் கற்றையை மெலிதாக்கிக் காட்டும் வசதி இப்போது உண்டு. ஃபுருனோ தன் 24 அங்குல ரேடாரை இரண்டு பாகைக்குச் சமம் என்கிறது. உரத்த எதிரொலிகளைப் பிரிப்பதில் அது உதவும். நலிந்த எதிரொலியை, அதாவது மரப்படகை, அது மெருகேற்றும் என்று நம்பி வாங்கக் கூடாது. உலோகத்தின் அகலத்துக்கு ஈடாக எதுவும் இல்லை. படகின் நீளமும் கம்பமும் தாங்குமானால் 24 அங்குலம்; தாங்காவிட்டால் 18. இரண்டுக்கும் நடுவில் மின்செலவு என்னும் தராசு இருக்கிறது; பேட்டரி சிறிதாக உள்ள படகில் இரவெல்லாம் ஓடும் 18 அங்குலம், பாதி இரவு அணைந்திருக்கும் 24 அங்குலத்தைவிட மேல்.

சுமத்ரா மழைக்கு மட்டும் விதிவிலக்குத் தர வேண்டியிருக்கிறது. மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் நகரும் மழைச் சுவரை 12 மைலில் கண்டால் அரை மணி நேரம் கையில் இருக்கிறது: பாயைச் சுருக்கலாம், கரையை விட்டு விலகலாம், மழைச்சட்டை போட்டுக்கொள்ளலாம். மேகம் உயரமானது என்பதால் தொடுவானம் தடுக்காது. தொலைவுக்கு எட்டும் பலம் இங்கே உண்மையாகவே பயன்படுகிறது. பிராட்பேண்ட் தலைமுறையில் இதுதான் குறை. துடிப்புச் சுருக்க ரேடார்கள் இந்தத் தூரத்தில் மழையைத் தயங்காமல் காட்டுகின்றன. பழைய பிராட்பேண்ட் ரேடார் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படுகிறவர், தான் ஓடுவது மழைக்கடலிலா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

புதிய ரேடார்களை விற்பவர்கள் இப்போது முன்னிறுத்துவது வண்ணங்களை. டாப்ளர் விளைவால் நம்மை நோக்கி வருவதைச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ தீட்டிக் காட்டுகிறது கருவி. பார்த்தவுடன் பிடித்துப்போகும் வசதி. அரைத்தூக்கத்தில் காவல் இருப்பவருக்கு அது நிச்சயம் உதவும். ஆனால் டாப்ளர் அளப்பது நமக்கும் அதற்கும் இடையிலான கோட்டின்மேல் உள்ள வேகத்தை மட்டும். ஒரு மைல் விலகிப் பின்னால் கடந்துபோகப் போகும் கப்பலும் கடக்கும்வரை சிவப்பாகத்தான் இருக்கும். கருவி நம் படகின் வேகத்தைக் கழித்துவிடுவதால், வலை போட்டுவிட்டு நின்ற இடத்தில் நிற்கும் மரப்படகுக்கு வண்ணமே வராது. நாம்தான் அதன்மேல் போய்க்கொண்டிருப்போம். சிவப்பைக் கண்டு திகைப்பதும் சிவப்பில்லை என்று அமைதியாவதும் இரண்டும் தவறு. மோதல் வருமா என்பதற்கு 1972ஆம் ஆண்டுக் கடல் விதிகளில் ஏழாவது சொல்லும் சோதனைதான் இன்றும் சோதனை: திசைகாட்டியில் எதிர்ப்படகின் திசை மாறாமல் இருந்து, தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் மோதல்தான். திரையில் அந்தப் புள்ளியின்மேல் ஒரு கோட்டை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். புள்ளி கோட்டை விட்டு நகர்ந்திருக்கிறதா, கோட்டின்மேலேயே ஊர்ந்து உள்ளே வந்திருக்கிறதா என்பதே கேள்வி. அரைகுறை ரேடார்த் தகவலை வைத்து ஊகம் செய்யக் கூடாது என்று அதே ஏழாவது விதி தனியாகவும் சொல்கிறது. விதி எழுதியவர்களுக்கு அனுபவம் இருந்தது. 1956 ஜூலையில் ஆண்ட்ரியா டோரியா என்ற இத்தாலியக் கப்பலும் ஸ்டாக்ஹோம் என்ற கப்பலும் ஒன்றையொன்று ரேடாரில் பார்த்துக்கொண்டேதான் மோதின; 51 பேர் இறந்தார்கள். இத்தாலியக் கப்பலில் எதிர்க்கப்பலின் போக்கைத் தாளில் குறித்துப் பார்க்கவில்லை.

பாய்மரப் படகுக்கு இன்னும் நெருக்கமான சான்று 2003 மே மாதம் ஆங்கிலக் கால்வாயில் நடந்தது. மூடுபனியில் வாகூனா என்ற படகும் பி அண்டு ஓ நெட்லாய்ட் வெஸ்பூச்சி என்ற கொள்கலன் கப்பலும் மோதின. படகில் இருந்தவர்கள் உயிர்காப்புத் தெப்பத்தில் ஏறித் தப்பினார்கள். படகில் ரேடார் இருந்தது, ஓடிக்கொண்டும் இருந்தது, கப்பல் அதில் தெரிந்தது. தெரிந்ததை வைத்துக் கப்பலின் போக்கைக் கணிப்பதில்தான் தவறு என்றது பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வு. கப்பல் பக்கத்திலும் கருவி காட்டிய விலகல் எண்ணின்மேல் மிதமிஞ்சிய நம்பிக்கை. ரேடார் எப்போதும் ஓட வேண்டும் என்ற என் வாதத்தை இது கவிழ்த்துவிடாதா என்று கேட்கலாம். எனக்கு அது எதிர்த்திசையில் படுகிறது. பனி வந்தபின் ரேடாரைப் போடுகிறவர் அதன் பாஷையைப் பனிக்குள்தான் கற்க வேண்டியிருக்கும். நல்ல வெயிலில், கண்ணால் பார்க்கும் கப்பலையும் திரையில் காணும் புள்ளியையும் நாளெல்லாம் பொருத்திப் பார்த்துப் பழகியவருக்கே இருட்டில் அந்தப் புள்ளி பேசும். பழைய ரேடாரில் அப்படிப் பழக பேட்டரி விடவில்லை. இப்போது விடுகிறது. ரேடாரோடு ஒரு நல்ல மின்திசைகாட்டியையும் வாங்க வேண்டும் என்பதும் இதில் அடங்கும். அலையில் படகு தலையாட்டும்போது ஒவ்வொரு சுற்றிலும் படம் சில பாகை புரண்டால் எந்தக் கோடும் எந்த வண்ணமும் உதவாது. விநாடிக்குப் பத்துத் தடவை திசை சொல்லும் கருவி அந்தப் புரளலை நிறுத்துகிறது. ரேடாரின் விலையில் பேரம் பேசி மிச்சம் பிடிக்கிறவர்கள் இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். வெட்டக் கூடாத இடம் இதுதான்.

குறைக்கடத்தி ரேடார்களுக்கு எதிரான வலுவான ஆட்சேபம் ரேகான். சில கலங்கரை விளக்கங்களிலும் மிதவைகளிலும் பொருத்தியிருக்கும் இந்தக் கருவி, ரேடார்த் துடிப்பு தன்மேல் பட்டால் திரையில் ஒரு மோர்ஸ் எழுத்தாகப் பதில் சொல்லும். உயிர்காப்புத் தெப்பத்தின் சார்ட் கருவியும் அப்படித்தான், பன்னிரண்டு புள்ளிகளாக. மெல்லக் கிசுகிசுக்கும் பிராட்பேண்ட் ரேடார் இவற்றை எழுப்பாது. துடிப்புச் சுருக்க ரேடார்கள் எழுப்பும் என்று நம்பி இருக்கவும் முடியாது. மறுக்க முடியாத குறை. ஆனால் அதன் எடை குறைந்துகொண்டே வருகிறது. 2008 ஜூலைக்குப் பிறகு கப்பல்களில் பொருத்தும் பத்து சென்டிமீட்டர் அலை ரேடார்கள் ரேகானை எழுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பே தளர்த்திவிட்டது. 2010 முதல் சார்ட்டுக்குப் பதில் ஏஐஎஸ் வகைக் கருவியும் ஏற்கப்படுகிறது. சிறு படகுக்காரருக்கு ரேகான் ஒரு வசதி; இரவெல்லாம் ஓடும் ரேடார் அதைவிடப் பெரிய வசதி. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பழுது பார்ப்பதைப் பற்றிய ஆட்சேபம் இன்னும் கசப்பானது. மேக்னட்ரான் தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். கை பழகிய மெக்கானிக் துறைமுகத்துக்கு ஒருவராவது இருந்தார். புதிய குவிமாடத்துக்குள் ஏதாவது போனால் பெரும்பாலும் முழு உருப்படியையே மாற்றச் சொல்வார்கள். அதோடு ஒரு நிறுவனத்தின் ரேடார் அதே நிறுவனத்தின் திரையோடுதான் பேசும்: குவாண்டத்துக்கு ரேமரைன் திரை, ஃபேன்டத்துக்குக் கார்மின், ஹேலோவுக்கு நேவிகோ குடும்பத்தின் பி அண்டு ஜி, சிம்ராட், லாரன்ஸ் திரைகள். இதற்குள் நிறுவனங்களே கை மாறிக்கொண்டிருக்கின்றன. 2021ஆம் ஆண்டில் மட்டும் நேவிகோ பிரன்ஸ்விக்கிடமும் ரேமரைன் டெலிடைனிடமும் போய்ச் சேர்ந்தன. ஒரு விதிவிலக்கு உண்டு: ஓபன்சிபிஎன் என்ற கட்டற்ற வரைபட மென்பொருளுக்காகத் தன்னார்வலர்கள் எழுதிய ரேடார் நீட்சி, நேவிகோவின் பழைய பிராட்பேண்ட் முதல் ஹேலோவரை சாதாரண மடிக்கணினியில் ஓடவைக்கிறது. நாளைக்குத் திரை கெட்டு, அந்த மாதிரித் திரை சந்தையில் இல்லாமல் போனாலும், அந்த ரேடார் அநாதையாகாது. ஆகவே படகில் ஏற்கெனவே நல்ல திரை இருப்பவருக்குத் தேர்வு பாதி முடிந்துவிட்டது: அந்தத் திரைக்குப் பொருந்தும் ரேடார்களில் குறைவாக மின்சாரம் இழுப்பது எது, அகலமான ஆன்டெனா எது என்று பார்த்தால் போதும். திரையும் இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறவர் கடைக்காரரிடம் ரேடாரின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வரக் கூடாது. திரை, திசைகாட்டி, கம்பம், தொங்கு தாங்கி, கேபிள் எல்லாவற்றுக்குமாக ஒரே சீட்டில் விலை எழுதி வாங்க வேண்டும். கூடவே அந்தக் கட்டு முழுவதும் ஓடும்போது எத்தனை ஆம்ப் என்பதையும்.